வரிசையில் இரண்டாவது ஆள்

"இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

ஃபிர்மான் ஒக்கே தன் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். பஸ் ஓட்டும்போது சொன்னார். பீர் குடிக்கும்போது சொன்னார். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடியே சொல்ல முயன்று, டாக்டரையும் நர்ஸையும் இன்னும் சிரிக்க வைத்தார்.

குற்றம் முழுக்க எங்கள் பக்கம் என்று சொல்ல முடியாது. அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நெற்றியில் தொடங்கி எங்கே முடிவது என்று தெரியாமல் இறங்கிக்கொண்டே போகும் முகம். கண்ணுக்குக் கீழே இரண்டு பை. மழையில் நனைந்து காயாத மீசை. குரலோ, ரயில் வராது என்று நிலையத்தில் அறிவிக்கிற குரல். "அந்த உப்பை எடு" என்று அவர் சொன்னால், உப்புக்கு ஏதோ ஆகிவிட்டது போலிருக்கும். அவரைப் போலப் பேசிக் காட்ட வேண்டுமானால் முகவாயைக் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி நீட்ட வேண்டும். ஒம்ரே ஊரில் அது வராத பிள்ளை கிடையாது. எல்லோரும் அவருடைய பள்ளிக்கூட பஸ்ஸில் போய் வந்தவர்கள்தானே.

ஒரு பனிக்காலக் காலையில் கல்குவாரி மேட்டில் பஸ் நின்றுபோனது. அவர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைங்களா, பஸ் நின்னுடுச்சு. நாமளும் அதுக்குள்ளதான் இருக்கோம்."

பஸ்ஸே குலுங்கியது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்புறம் இன்னும் குலுங்கியது.

அவர் கல்யாணத்திலும் இதே கதை. பாதிரியார் சம்மதமா என்று கேட்டதற்கு, "ஆமா, அதுக்குத்தானே குளிச்சிட்டு வந்தேன்" என்றாராம். கோவில் முழுக்கச் சிரிப்பு. பக்கத்தில் வெள்ளை உடுப்பில் நின்ற நோயெல்லாவும் சிரித்தாள். அவள் சிரித்தால் மட்டும் அவர் ஒரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. முப்பத்தைந்து வருஷம் அவள் அந்த வீட்டில் தினமும் சிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

அவளைப் புதைத்துவிட்டு எல்லோரும் வழக்கம்போலக் காபிக்கும் அரிசி டார்ட் என்கிற இனிப்புப் பலகாரத்துக்கும் உட்கார்ந்தோம். ஃபிர்மான் எழுந்தார். வந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அதுதான் முறை.

"எல்லாரும் வந்தீங்க. நல்லது. காபி ஆறுறதுக்குள்ள குடிச்சிடுங்க. ஆறின காபி கொடுத்தா நோயெல்லா எழுந்து வந்துடுவா."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. சாவு வீட்டில் வந்த சிரிப்பை அடக்கவா முடியும்? ஒருவர் டார்ட்டோடு விழுங்கப் பார்த்து இருமினார். ஒருவர் கைக்குட்டைக்குள் போனார். ஃபிர்மான் அங்கேயே நின்றார். அந்த ஒரு முறை அவர் கேள்வியைக் கேட்கவில்லை. உட்கார்ந்து தன் காபியைக் குடித்தார். அதைப் பார்த்துத்தான் எங்களுக்குச் சிரிப்பு நின்றது.

அவரைப் பார்த்துச் சிரிக்காதவை புறாக்கள் மட்டும்தான்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் புறாப் பந்தயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறாவைக் கூடையில் வைத்துச் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும். லாரி அவற்றை எல்லை தாண்டிப் பிரான்ஸுக்குள் எங்கோ தூரத்துக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடும். மற்றது புறாவின் பாடு. நாங்கள் கொல்லையில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். புறா வந்து கூரையில் உட்கார்ந்தால் போதாது, கூண்டு வாசலுக்குள் கால் வைத்தால்தான் கணக்கு. அது கூரையில் உட்கார்ந்து யோசிக்கிற நேரம் இருக்கிறதே, அப்போது தெருவில் ஒரு சத்தம் வரக்கூடாது. புல்வெட்டி ஓடக்கூடாது. நாய் குரைக்கக்கூடாது. காற்றில் படபடக்கும் என்று அன்றைக்குத் துணிகூடக் காயப்போட மாட்டார்கள். யாராவது தும்மினால் அந்தக் குடும்பத்தோடு ஒரு வருஷம் பேச்சு இருக்காது.

சங்கம் கூடுகிற இடம் கிலேன் அம்மா நடத்தும், பீரும் கிடைக்கிற காபிக்கடையின் பின்னறை. கிலேனுக்கு வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது, பீர் கிளாஸ் மட்டும் சின்னது. சங்கத்தின் தலைவர் ஒனெசிம். குட்டையான ஆள், குரல் மட்டும் ஆறடி. மியூஸ் ஆற்றின் அக்கரையில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரிதான் வணக்கம் சொல்வார். ஃபிர்மானும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஃபிர்மானிடம் ஆல்டெகோந்த் என்று ஒரு நீலப் பெட்டைப் புறா இருந்தது. பிரான்ஸின் தென்கோடியிலிருந்து பறக்கிற பெரிய பந்தயத்துக்கு எங்கள் ஊரிலிருந்து போய் ஜெயிக்கக்கூடிய பறவை அது ஒன்றுதான் என்று ஒனெசிமே ஒப்புக்கொண்டிருந்தார். அதுவும் அந்த வருஷம்தான். அடுத்த வருஷம் அதற்கு வயதாகிவிடும்.

அந்த வசந்தத்தில்தான் கோராலி என்கிற இளம்பெண் எங்கள் ஊருக்கு வந்தாள். சிவப்புத் தொப்பி, முழங்காலில் கிழிந்த கால்சட்டை. கிலேன் கடையில் ஒரு சாயங்காலம் முழுக்க மூலையில் உட்கார்ந்து ஃபிர்மான் பேசுவதைக் கேட்டாள். அன்றைக்கு அவர் பேசியது கூண்டுக்குப் போடும் மணலைப் பற்றி. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் எழுந்து அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, ஒரு படம் எடுக்கிறேன். நடிக்கிறீங்களா?"

"என்ன படம்?"

"சிரிப்புப் படம்."

"அதுல எனக்கென்ன வேலை?"

"நீங்க வாயைத் திறந்தாலே சிரிப்பு வருது ஐயா."

கிலேன் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை என் மூஞ்சிக்கு நேராவே சொல்றே."

"பின்ன, முதுகுக்குப் பின்னாடியா சொல்றது?"

"எல்லாரும் சிரிப்பாங்களா?"

"மாட்டாங்க. கொஞ்சம் பேரு பாதியிலேயே எழுந்து போயிடுவாங்க. கொஞ்சம் பேரு என்னைத் திட்டுவாங்க. மிச்சம் இருக்கிறவங்க சிரிப்பாங்க. உங்களைப் பார்த்துத்தான். அதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

ஃபிர்மான் பீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். மீசையைத் துடைத்தார்.

"சிரிச்சவன் எவனும் இதுவரைக்கும் என்கிட்டச் சம்மதம் கேட்டதில்லம்மா. நீ கேட்டுட்டே. என்னைக்கு வரணும்?"

கல்குவாரிக்கு எதிரே இருக்கிற பழைய பஸ் நிறுத்தத்தில் படம் பிடித்தார்கள். குவாரி மூடியதிலிருந்து அங்கே பஸ் வருவதில்லை. கதை இதுதான்: ஒரு மனிதர் அங்கே பஸ்ஸுக்கு நிற்கிறார். தனியாகத்தான் நிற்கிறார், ஆனால் தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடத்தை விட்டுவிட்டு நிற்கிறார். வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், "ஏங்க, முன்னாடி இடம் காலியா இருக்கே?" அவர் சொல்கிறார்: "அவரு இன்னும் வரல. நான் ரெண்டாவது." அவ்வளவுதான். ஒவ்வொருவராகப் பின்னால் சேர்கிறார்கள். வரிசை நீண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகிறது. வரிசையிலேயே கல்யாணம் நடக்கிறது. வரிசையிலேயே குழந்தை பிறந்து, அதுவும் தன் இடத்தில் நிற்கிறது. போலீஸ் வந்து முதல் இடத்துக்குப் பாதுகாப்புப் போடுகிறது. பஸ் மட்டும் வரவில்லை.

"முதல் ஆள் யாருன்னு எனக்காவது சொல்லு" என்று கோராலியிடம் ஃபிர்மான் கேட்டிருக்கிறார்.

"எனக்கே தெரியாதுய்யா."

"அப்ப சரி. தெரிஞ்சிருந்தா அந்த ஆளைக் கூட்டிட்டு வான்னு சொல்லியிருப்பேன்."

படத்தின் நடுவில் ஒரு புறா வரும். ஆல்டெகோந்த்தான். நிறுத்தத்தின் தகரக் கூரையில் வந்து உட்காரும். கூரைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. புறா அதற்குள் போனால்தான் பஸ் புறப்படும் என்று வரிசையில் யாரோ கிளப்பிவிடுகிறார்கள். வரிசை முழுக்க அண்ணாந்து பார்க்கிறது. புறா கூரை விளிம்பில் நடக்கிறது. நிற்கிறது. திரும்பி நடக்கிறது. கேமரா அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதல் காட்சி எங்கள் மக்கள் மண்டபத்தில்தான். ஊரே வந்தது. நகரத்திலிருந்து பத்திரிகைக்காரர்கள் நாலைந்து பேர் வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். ஃபிர்மான் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில்.

திரையில் அவர் முகம் வந்ததும் முதல் சிரிப்பு வெடித்தது. "நான் ரெண்டாவது" என்றபோது பின்வரிசைப் பையன்கள் நாற்காலியிலிருந்து விழுந்தார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் பெர்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அதே நேரத்தில் மருந்துக்கடைக்காரர் தன் பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"இதுல கதை எங்கடி இருக்கு? நம்மள கேனைப்பசங்கன்னு நினைச்சுட்டாளா? எழுந்திரு."

"நீங்க போங்க. எனக்குப் பஸ் வருதான்னு பார்க்கணும்."

இப்படிப் பாதி சிரிப்பும் பாதி முணுமுணுப்புமாகப் போய்க்கொண்டிருந்தபோது புறா வந்து கூரையில் உட்கார்ந்தது.

சங்கத்து ஆட்கள் மண்டபத்தின் வலது பக்கம் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் விறைத்தது. கையில் இருந்த மிட்டாய்க் காகிதத்தைக்கூட யாரும் கசக்கவில்லை. இடது பக்கம் சிரிப்பு பொங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கத்திலிருந்து "உஷ்ஷ்!" என்று வந்தது. அந்த உஷ்ஷைக் கேட்டு இடது பக்கம் இன்னும் சிரித்தது. புறா விளிம்புக்கு வந்தது. தலையைச் சாய்த்துப் பெட்டியைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியது.

ஒனெசிம் நாற்காலியை விட்டு எழுந்து, தன் ஆறடிக் குரலில் கத்தினார்:

"வாயை மூடுங்கடா! இறங்கப் போகுது!"

ஒரு நொடி மண்டபம் முழுக்கத் திரையையே பார்த்தது. திரையில் புறா இறங்கவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் வந்த சிரிப்பு இருக்கிறதே, ஒம்ரேயில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டதில்லை. பத்திரிகைக்காரர்கள் கை தட்டினார்கள். அவரும் படத்தில் ஒரு பாகம் என்று நினைத்துவிட்டார்கள். ஒனெசிம் காது வரைக்கும் சிவந்துபோய், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வலது பக்கம் பாதிப் பேர் பின்னாலேயே எழுந்து போனார்கள். மீதிப் பாதி புறா உள்ளே போகிறதா என்று பார்க்க இருந்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பிரிந்த ஊர் அப்புறம் ஒன்று சேரவில்லை. ரொட்டிக்கடையில் சண்டை தொடங்கியது. படம் பிடித்துப்போனவர்கள் கடைக்கு வந்து, முதல் இடத்தை விட்டுவிட்டு இரண்டாவது இடத்தில் நின்றார்கள். பிடிக்காதவர்கள் வேண்டுமென்றே போய் முதல் இடத்தில் நின்றார்கள்.

"அது காலி இடம் இல்லீங்க."

"யாரு நிக்கிறா? காட்டு பார்ப்போம்."

"இன்னும் வரல."

"வந்தா என் காலை மிதிக்கச் சொல்லு."

ரொட்டிக்கடைக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள். "யாராவது ஒருத்தர் ரொட்டியை வாங்கித் தொலைங்களேன்! ஆறுது!"

டீச்சர் பெர்தில், படம் மனித வாழ்க்கையின் பெரிய காத்திருப்பைச் சொல்கிறது என்றாள். கசாப்புக்கடைக்காரர், "காத்திருப்பா? நான் காத்திருந்தது படம் எப்ப முடியும்னுதான்" என்றார். நகரத்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் ஃபிர்மான் வீட்டுக்கே வந்து, வெறுமையின் முன் நிற்கும் தனிமனிதனாக நின்றபோது உள்ளுக்குள் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டார்.

"கால் வலிச்சுது" என்றார் ஃபிர்மான்.

பத்திரிகைக்காரர் சிரித்தார். ஃபிர்மான் தன் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தப் படத்துக்கு அப்புறம் அவர் அதைக் கேட்பதை விட்டிருந்தார். தெருவில் யாராவது சிரித்தால் தொப்பியைத் தொட்டுக்கொண்டு போனார், கூலி வாங்கிக்கொண்டவர் மாதிரி. எங்களுக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது.

ஒனெசிம் நிலைமை அப்படியில்லை. அவர் எங்கே போனாலும் யாராவது ஒரு பையன் மூலையிலிருந்து "இறங்கப் போகுது!" என்று அவர் குரலிலேயே கத்தினான். நன்றாகத்தான் கத்தினார்கள், குறை சொல்ல முடியாது. பெரிய பந்தயம் நெருங்கியபோது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கிலேன் கடைக்கு வந்து ஃபிர்மான் எதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு நம்ம ஊரைக் கேவலப்படுத்திட்டா."

"எங்க?"

"எங்கன்னா கேக்கிறே? புறாவை வச்சு, சங்கத்தை வச்சு, உன் மூஞ்சியை வச்சு! நீ வெகுளி. என்ன எடுக்கிறாங்கன்னே தெரியாம போய் நின்னுட்டே. அதை வெள்ளிக்கிழமை சங்கத்துக்கு முன்னாடி எழுந்து சொல்லிடு. 'என்னை ஏமாத்திட்டாங்க, எனக்குத் தெரியாது' அப்படின்னு. அவ்வளவுதான் கேக்கிறேன்."

"சொல்லலைன்னா?"

"ஆல்டெகோந்த் கூடை லாரியில ஏறாது."

கிலேன் கிளாஸை ஓங்கி வைத்தாள். "ஏன்யா ஒனெசிம், உனக்கு வெட்கமா இருந்தா நீ மூஞ்சியை மூடிக்கோ. புறா என்ன பண்ணுச்சு?"

"இது சங்க விஷயம், கிலேன்."

"சங்கம் என் கடையில குந்திக்கிட்டுத்தானே பேசுது!"

வேறு வழியும் இல்லை. சங்கம் வழியாகத்தான் பந்தயத்துக்குப் பறவை போகும். அக்கரைச் சங்கத்துக்கு மாறுவதென்றால் பனிக்காலத்திலேயே மாறியிருக்க வேண்டும். ஒனெசிமுக்கு அது தெரியும். ஃபிர்மானுக்கும் தெரியும்.

ஒனெசிம் போனதும் கிலேன் ஃபிர்மான் எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் குரலைத் தாழ்த்துவது அபூர்வம்.

"இங்க பாரு ஃபிர்மான். ரெண்டு வாக்கியம்தானே? சொல்லிட்டுப் போ. அந்த மனுஷனுக்கு அவன் மானம் திரும்பக் கிடைக்கும், உனக்குப் பந்தயம் கிடைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்குத் தெரியாம நின்னேன்னு சொல்லணும்."

"சொல்லேன்."

"தெரிஞ்சு நின்னேன், கிலேன்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். போதாதா?"

"என்னைப் பார்த்து எல்லாரும் சிரிச்சப்ப எல்லாம் எனக்குத் தெரியாமத்தான் நின்னேன். இந்த ஒரு தடவைதான் தெரிஞ்சு நின்னிருக்கேன். இதையும் குடுத்துடச் சொல்றியா?"

கிலேன் எழுந்து போய் அவருக்குப் பெரிய கிளாஸில் பீர் ஊற்றினாள். அந்தக் கடையில் பெரிய கிளாஸ் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாரோ கோராலிக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் கடைக்குப் போன் செய்தாள். ஃபிர்மான் போனை முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, பஸ் பயணிகளுக்கு அறிவிக்கிற மாதிரி பேசினார். ரெண்டு பேர் பேசியதும் கடை முழுக்கக் கேட்டது.

"ஐயா, சொல்லிடுங்க. ஏமாத்திட்டேன்னு சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. என்னை இதைவிட மோசமாவே திட்டியிருக்காங்க."

"நீ என்னை ஏமாத்தினியா?"

"இல்லய்யா."

"அப்புறம்? சாப்பிட்டியாம்மா? சாப்பிடு. வச்சுடறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பின்னறையில் நிற்க இடமில்லை. சங்கத்தில் இல்லாதவர்களும் வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். படம் பிடித்தவர்கள் ஜன்னல் பக்கம், பிடிக்காதவர்கள் அடுப்புப் பக்கம். நடுவில் மேசைமேல் கூடைகள். ஃபிர்மான் தன் கூடையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆல்டெகோந்த் மெதுவாகக் குனுகிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆல்டெகோந்த் போகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். யாரும் கடைசி வரைக்கும் நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். லாரி அது இல்லாமலே தெற்கே போனது. ஞாயிற்றுக்கிழமை ஃபிர்மான் கொல்லையில் துணி காயப்போட்டார், பந்தய நாளில், வெள்ளைப் படுக்கை விரிப்புகளாகப் பார்த்து. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஒனெசிம் மேசையைத் தட்டினார்.

"ஃபிர்மான் ஒரு விஷயம் சொல்லப் போறாரு. கேட்போம்."

ஃபிர்மான் எழுந்தார். எழுந்த உடனேயே ஜன்னல் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடுப்புப் பக்கம் யாரோ "சிரிக்காதீங்கடா" என்று சொல்லப் போய்த் தாங்களே சிரித்துவிட்டார்கள். அவர் காத்திருந்தார். கூடை இன்னும் கையில்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "கூடையை ஏத்திக்கோங்க."

"சொன்னாத்தான் ஏத்துவோம்."

"அப்ப ஓட்டு எடு."

எடுத்தார்கள். கைகள் எழுந்தன. கூடையை ஏற்றலாம் என்றும் கூடாது என்றும் சமமாக எழுந்தன. படத்தை வெறுத்தும் புறாவுக்காகக் கை தூக்கியவர்கள் உண்டு. படத்தை ரசித்தும் ஒனெசிமுக்குப் பயந்து கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. சமமானால் தலைவர் ஓட்டு முடிவு. ஒனெசிம் தன் கையை ஃபிர்மானுக்கு எதிராகத் தூக்கினார். தூக்கிய கையை இறக்காமலே பேசினார். குரல் முதல்முறையாக அறைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது.

"இன்னும் லாரி போகல. ஃபிர்மான், நாம ஒண்ணாப் படிச்சோம். எனக்காகச் சொல்லுடா. ஒரே ஒரு தடவை. ஏமாத்திட்டாங்கன்னு சொல்லு. இந்தக் கையை இறக்கிடறேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஃபிர்மான் கூடை மூடியை ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு, அந்த ரயில் நிலையக் குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்:

"கையைத் தூக்கியே வச்சிரு ஒனெசிம், வலிக்கிற வரைக்கும். நீ கேக்கிறது சின்ன விஷயம்தான், எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்து ஒரு சாயங்காலம் சிரிச்சதுக்கே நீ இந்தப் பாடு படறே. நான் எழுபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். அந்தப் பொண்ணு என்னை ஏமாத்தல. சிரிப்பாங்கன்னு சொன்னா, நான் சரின்னேன், போய் நின்னேன், நல்லாத்தான் நின்னேன். படம் பிடிச்சவன் இன்னொரு தடவை போய்ப் பாரு. பிடிக்காதவன் போகாதே, யாரும் கூப்பிடல. ஆனா எனக்குத் தெரியாம நின்னேன்னு மட்டும் எவனும் என் வாயிலேர்ந்து வாங்க முடியாது. பந்தயத்தை நீங்களே வச்சுக்கோங்க. கதவை விட்டு நகருங்கப்பா, இவளுக்குத் தண்ணி காட்டணும்."